ஸ்டாம்ப் யார் ஒட்டுவது?

என் பெரியப்பா கந்தர்வக்கோட்டைப் பக்கம் 31 வருஷம் தபால்காரராக இருந்தவர். தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையிலிருந்து பிரியும் மண்பாதைகளில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்தே முட்டி தேய்ந்தவர். 2009-ல் படிப்பை முடித்து நான் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அவரைக் கூட்டிப்போய் ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். மணிக்கு 20 ரூபாய். வெள்ளிக்கிழமை தோறும் குளித்து, விபூதி பூசி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய் உட்காருவார். தமிழில் தட்டுவதற்கு சென்டர் பையன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அவருக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. பெயர் போட்டு வந்த கடிதத்தைப் படிக்காமல் போடக்கூடாது. படித்துவிட்டால் பதில் எழுதாமல் இருக்கக்கூடாது. ஆகவே அவர் பெட்டிக்கு வந்த அத்தனைக்கும் பதில் போட்டார். எடை குறைக்கும் மாத்திரை விற்கிறவனுக்கு, "ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. என் எடை 52 கிலோ. இதற்குமேல் குறைந்தால் ஆடி மாதக் காற்றில் போய்விடுவேன்" என்று சுத்தத் தமிழில் அனுப்பினார். வட்டி குறைவாகக் கடன் தருகிறேன் என்றவனுக்கு, "கடன் வாங்குவது எங்கள் குடும்ப வழக்கம் இல்லை" என்று எழுதினார். கடைசி வரியில் தவறாமல் "தங்கள் நலம் அறிய ஆவல்."

விஷயம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரிந்திருக்கும். ஸ்பேமுக்குப் பதில் போட்டால் அந்த முகவரியில் உயிருள்ள ஆள் இருக்கிறார் என்று உறுதியாகிவிடும். உறுதியான முகவரி கை மாறும், மாறிக்கொண்டே இருக்கும். ஆறே மாதத்தில் ஊரிலேயே அதிகம் கடிதம் வருகிற ஆள் என் பெரியப்பாதான். அவருக்கு அதில் பெருமை வேறு. "சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு நாளைக்கு மொத்த லயனுக்கும் இவ்வளவு வந்ததில்லடா தம்பி" என்று போனில் சொன்னார்.

ஸ்பேமின் வரலாற்றை ஒரு தபால்காரரிடமிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வரலாறு முழுக்க ஒரே கேள்விதான் ஓடுகிறது: கடிதத்துக்குக் காசு கொடுப்பது யார்?

இன்றைக்கு இது கேள்வியாகவே தோன்றாது. அனுப்புகிறவர்தான் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், இதில் என்ன இருக்கிறது? ஆனால் 1840-க்கு முன்னால் பிரிட்டனில் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுத்தார். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு வாசலில் வசூல் செய்வார்கள். உறையின் மேலேயே ரகசியக் குறி போட்டு அனுப்பி, வாங்குகிறவர் குறியை மட்டும் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கும் கில்லாடிகளும் இருந்தார்கள். அந்தக் காலத்து மிஸ்டு கால். ரோலண்ட் ஹில் என்பவர் 1837-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி இதை மாற்றச் சொன்னார். 1840-ல் ஒரு பென்னித் தபால் வந்தது. அனுப்புகிறவர் காசு கட்டிவிட்டார் என்பதற்குச் சாட்சியாக ஒரு குட்டித் தாளை ஒட்டினார்கள். அதுதான் தபால்தலை. இந்தியாவில் 1854-ல் அரை அணாத் தலை வந்து, நாடு முழுக்க ஒரே கட்டணம் ஆனது.

பழைய முறையின் மிச்சம் ஒன்று பெரியப்பா காலத்திலும் இருந்தது. தலை ஒட்டாத கடிதம் வந்தால், குறைகிற கட்டணத்தைப் போல இரண்டு பங்கை வாங்குகிறவர் கட்ட வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த மாதிரிக் கடிதங்களைக் கண்டால் ஆகாது. "எழுதுனவன் எங்கயோ நிம்மதியாத் தூங்குறான். திட்டு வாங்குறது நானு, காசு குடுக்கிறது இவங்க" என்பார். ஸ்பேமுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கேட்காமல் வரும் விளம்பரத்துக்கு மின்னஞ்சல் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1864-ல் லண்டன் பல் மருத்துவர்கள் சிலர், தங்கள் கிளினிக் திறந்திருக்கும் நேரத்தை அரசியல்வாதிகள் வீட்டுக்கெல்லாம் தந்தியில் அனுப்பினார்கள். கடுப்பான ஒருவர் டைம்ஸ் பத்திரிகைக்குப் புகார் எழுதியிருக்கிறார். இதே தந்தி நம்ம ஊருக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தந்தி என்றாலே சாவுச் செய்தி. பிரிப்பதற்கு முன்னாலேயே பாதித் தெரு கூடி ஒப்பாரி தொடங்கியிருக்கும். பிரித்துப் பார்த்தால், பல் பிடுங்க நேரம் பத்து மணி முதல் ஐந்து மணி வரை!

நம்மிடம் இருந்தது வேறு ரகம். திருப்பதியில் பாம்பு பேசியது, இதைப் பத்துப் பேருக்கு எழுதியவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார் என்று மிரட்டும் சங்கிலிக் கடிதம். பெரியப்பா இவற்றைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. 15 பைசா கார்டு பத்து என்றால் ஒன்றரை ரூபாய், கூடவே கைவலி. சாமிக்குப் பயந்தவர்கள்கூடப் பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பதினொன்றாவது கார்டைத் தடுத்தது பகுத்தறிவு என்று நினைக்க ஆசைதான். தடுத்தது அந்த 15 பைசா.

அந்தக் கடிவாளம் அறுந்த நாள் தேதியோடு தெரியும்: 1978 மே 3.

அதற்கு முன் ஒரு சின்னப் பஞ்சாயத்து. மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது தமிழர் என்ற செய்தி உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்திருக்கும். தமிழ்க் குடும்பத்தில் மும்பையில் பிறந்த சிவா அய்யாதுரை, 1978-ல் அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது ஓர் அலுவலக அஞ்சல் நிரலை எழுதத் தொடங்கினார். அதற்கு 1982-ல் பதிப்புரிமைப் பதிவும் பெற்றார். ஆனால் 1971-லேயே ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வலைப்பின்னல் வழியாக இன்னொன்றுக்கு அஞ்சல் அனுப்பிவிட்டார் என்பதால் அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. ஸ்பேமைக் கண்டுபிடித்தது தமிழர் என்று மட்டும் இதுவரை யாரும் உரிமை கொண்டாடவில்லை.

அந்தப் பெருமை கேரி துர்க் என்ற அமெரிக்கருக்கு. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்தார். அப்போது இணையத்தின் பாட்டியான ஆர்ப்பாநெட் இருந்தது. அதில் இருந்தவர்களின் முகவரிகள் அச்சிட்ட புத்தகமாகவே கிடைக்கும். புதுக் கணினியின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைக்க, அதிலிருந்து சுமார் 400 பேரை எடுத்து ஒரே கடிதமாக அனுப்பச் செய்தார். முகவரிக்கான இடம் நிரம்பி, மிச்ச முகவரிகள் கடிதத்தின் உடம்புக்குள் வழிந்துவிட்டன. உலகின் முதல் ஸ்பேமே பிழையோடுதான் பிறந்தது. வலைப்பின்னலை நடத்தியவர்கள் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு கோடி டாலருக்குமேல் வியாபாரம் நடந்தது என்று துர்க்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கண்டிப்பு மறந்துபோகும், வியாபாரம் மறக்காது.

400 கடிதத்துக்கு அவருக்கு ஆன தபால் செலவு பூஜ்யம். செலவெல்லாம் வாங்கியவர்களின் கணினி இடம், வாங்கியவர்களின் நேரம். ரோலண்ட் ஹில் 138 வருஷத்துக்கு முன் சரிசெய்ததைப் பொறியாளர்கள் நாங்கள் மறுபடி தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டோம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பதுபோல.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மின்னஞ்சல் போய்ச் சேரும் விதியை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதி வைத்தபோது, வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் ஆராய்ச்சியாளர்கள்தான். ஒருவரை ஒருவர் தெரியும். அனுப்புநர் என்ற இடத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று சோதிக்கும் வேலையே அந்த விதியில் இல்லை. இன்லேண்ட் லெட்டரின் பின்னால் "மாவட்ட ஆட்சியர், புதுக்கோட்டை" என்று நீங்களே எழுதிப் போட்டால் தபால்பெட்டி ஆட்சேபிக்காது அல்லவா, அதே கதை.

ஸ்பேம் என்ற பெயர் ஹார்மெல் நிறுவனம் 1937-ல் கொண்டுவந்த டின் இறைச்சியினுடையது. மான்டி பைத்தான் குழுவின் 1970 நகைச்சுவைக் காட்சி ஒன்றில், ஒரு ஓட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பேம் இருக்கும். அந்த வார்த்தையின் கூச்சலில் மற்ற பேச்சே கேட்காது. கணினிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் "எரிதம்" என்று ஒரு சொல்லைப் புழங்கிப் பார்த்தார்கள். வயிற்றெரிச்சல், கண்ணெரிச்சல் எல்லாம் அதில் இருந்தும் ஏனோ அது சாலைக்கு வரவில்லை. 1994 ஏப்ரலில் அமெரிக்க வக்கீல் தம்பதி கேன்டரும் சீகலும், கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான யூஸ்நெட் விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டியபோது, அந்தச் சொல் ஊரறியப் பரவியது. அடுத்த வருஷம் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தொலைபேசி வழி இணைப்பு, இணையக் கட்டணம் தனி, போன் பில் தனி. குப்பை வந்து இறங்கும் நிமிஷத்துக்கும் நாம்தான் காசு கொடுத்தோம்.

சரி, இவ்வளவு குப்பையை யார் நம்புகிறார்கள்?

ஆள் புதிது, கடிதம் பழசு. சிறையில் இருக்கும் பணக்காரர் புதைத்து வைத்த செல்வத்தை எடுக்க உதவினால் பங்கு தருவார், முதலில் கொஞ்சம் செலவுக்கு அனுப்பினால் போதும் என்ற மோசடிக் கடிதத்தை, திருடராக இருந்து துப்பறிவாளரான பிரெஞ்சுக்காரர் விதோக் 1830-களிலேயே விவரித்திருக்கிறார். ஸ்பானியக் கைதி என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. பிறகு நைஜீரிய இளவரசராக வந்தது. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் மோசடிப் பிரிவை வைத்து அதற்கு 419 என்று பெயர்.

அவ்வளவு பிரபலமான பின்னும் ஏன் நைஜீரியா என்றே எழுதுகிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012-ல் இதற்கு ஒரு பதில் தந்தார். கடிதம் அனுப்ப எதுவும் ஆகாது. பதில் போட்டவரோடு மல்லுக்கட்டத்தான் நேரம் ஆகும். பாதியில் சுதாரித்துக்கொள்கிறவர் நஷ்டம். அதனால் நம்பவே முடியாத கதையாக எழுதினால், சந்தேகப்படுகிறவர்கள் தாங்களே விலகிவிடுவார்கள். அபத்தம்தான் சல்லடை.

அந்தச் சல்லடையில் 2010-ல் என் பெரியப்பா நின்றார்.

அவர் படிக்காதவர் இல்லை, பேராசைக்காரரும் இல்லை. ஒரு காலத்தில் மாதம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்ததும் அதையும் விட்டார். ஏழு வருஷம் கழித்து, சீட்டே வாங்காமல் பரிசு வந்தது. அவருடைய மின்னஞ்சல் முகவரி குலுக்கலில் தேர்வாகி 5 லட்சம் பவுண்ட் விழுந்திருக்கிறதாம். அதன் ஆங்கிலம் முழுக்கப் பிழை. பிழையைப் பார்த்துத்தான் நம்பினேன் என்று பிறகு சொன்னார். "நம்மள மாதிரி ஆளுதான்னு நினைச்சேன். பெரிய படிப்புப் படிச்சவனாத் தெரியல. வஞ்சகம் இருக்காதுன்னு பட்டுச்சு."

அந்தக் கடிதம் அவருடைய ஸ்பேம் பெட்டியில்தான் இருந்தது. வடிகட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஆனால் அவர் ஸ்பேம் பெட்டியைத்தான் முதலில் திறப்பார் என்பது எனக்குத் தெரியாது. "ரிஜிஸ்டர் தபாலை நாங்க தனியாத்தானே கட்டி வைப்போம்? அதே மாதிரி முக்கியமானதை ஒதுக்கி வச்சிருக்கான்னு நினைச்சேன்" என்றார்.

நம்பிவிட்டு அப்படியே பணம் கட்டவும் இல்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று எனக்கு எழுதினார். தலைப்பு: "அவசரம். 5 லட்சம் பவுண்ட் பரிசு." கீழே, சந்தேகமில்லாமல் விளங்க வேண்டுமே என்று அந்த ஆங்கிலக் கடிதத்தையும் முழுதாக ஒட்டியிருந்தார்.

நம் வடிகட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று இங்கே சொல்ல வேண்டும். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான முறை அது. ஒவ்வொரு சொல்லும் குப்பையில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. புதுக் கடிதம் வந்தால் அதன் சொற்களை வைத்து நிகழ்தகவைக் கணக்கிடு. அடிப்படைக் கணிதம் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாருடையது; அவர் இறந்தபின் 1763-ல் வெளியானது. எழுத்துக்குப் பளிச்சென்ற சிவப்பு நிறம் கொடுக்கும் குறியே ஆபாசச் சொல்லுக்கு இணையான துப்பு என்று கிரஹாம் கண்டுபிடித்தார். ஸ்பேம்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மாத்திரை விளம்பரத்தின் அடியில் நாவல்களிலிருந்து வாக்கியங்களைப் பிய்த்து ஒட்டி, நல்ல கடிதம்போல வேஷம் கட்டினார்கள். இலக்கியத்துக்கும் சந்தையில் ஒரு பயன் இருந்தது என்று நாம் ஆறுதல் அடையலாம்.

பேய்ஸ் கணக்குக்குப் பெரியப்பா தெரியாது. பவுண்ட், பரிசு, அவசரம், கீழே அச்சுஅசலான மோசடிக் கடிதம். என் அஞ்சல் பெட்டியும் சரியாகவே வேலை செய்தது. அவரை ஸ்பேமில் தள்ளியது.

19 நாள் கழித்து, ஒரு நேர்காணல் அழைப்பைத் தேடி ஸ்பேம் பெட்டிக்குள் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அதற்குள் 18,500 ரூபாய் "பரிசீலனைக் கட்டணம்" ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது. இந்த மாதிரி வெளிநாட்டு லாட்டரிக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அந்த வருஷம் மே மாதம்தான் சுற்றறிக்கை விட்டிருந்தது. மோசடிக்காரர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே கடிதம் அனுப்பத் தொடங்கிய காலமும் அதுதான்.

ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பதில் போடாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தாராம்.

"கட்டணம்னு கேட்டப்பவாவது சந்தேகம் வரலையா பெரியப்பா?"

"மணியார்டருக்கே 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் இருக்கே தம்பி. அஞ்சு லட்சம் பவுண்டுக்கு இருக்காதா?"

"இருக்கும். ஆனா அந்தக் கமிஷனை யாரு கட்டுவா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அனுப்புறவந்தான்" என்றார். 31 வருஷம் கையால் எண்ணி வாங்கிய கமிஷன். அதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

அனுப்புகிறவனைக் காசு கட்ட வைக்கும் முயற்சிகளுக்கும் வரலாறு உண்டு. 1997-ல் ஆடம் பேக் என்பவர் ஹாஷ்கேஷ் என்று ஒன்றை முன்வைத்தார். அனுப்புகிறவரின் கணினி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கணக்குப் புதிரை விடுவித்தாக வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு நொடி என்று வைத்தால் நமக்குத் தெரியவே தெரியாது. 10 லட்சம் கடிதம் அனுப்புகிறவனுக்குப் பதினொன்றரை நாள். காசுக்குப் பதில் உழைப்பால் ஒட்டும் ஸ்டாம்ப். 2004 ஜனவரியில் பில் கேட்ஸ், இன்னும் இரண்டே வருஷத்தில் ஸ்பேம் ஒழியும் என்றார். அவர் சொன்ன வழிகளிலும் ஸ்டாம்ப் மாதிரி ஒரு கட்டணம் இருந்தது. நடக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஸ்பேம் அனுப்பியவை அடுத்தவர்களின் கணினிகள். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகளைக் கூட்டமாக ஓட்டி அனுப்பினார்கள். 2008 நவம்பர் 11-ல் அந்தக் கூட்டங்களை இயக்கிய சர்வர்களுக்கு இடம் கொடுத்த மெக்கோலோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்ததும் உலக ஸ்பேமே பாதிக்கும் மேல் குறைந்தது. சில மாதத்தில் திரும்பி வந்தது.

ஹாஷ்கேஷ் மின்னஞ்சலைக் காப்பாற்றவில்லை, ஆனால் சாகவும் இல்லை. அந்த யோசனையை எடுத்துத்தான் 2008-ல் பிட்காயினைக் கட்டினார்கள். இப்போது உங்களை மிரட்டி வரும் ஸ்பேம், பணத்தைப் பிட்காயினில் கேட்கிறது. ஸ்பேமைத் தடுக்கச் செய்த ஸ்டாம்பே அவனுக்குக் கல்லாப்பெட்டி ஆகிவிட்டது.

குறுஞ்செய்தியிலும் இதே கூத்து. டிராய் 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு போட்டது. காதலர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு அடுத்த சில வாரங்களில் 200 ஆக்கியது. 2018 விதிகளில், விளம்பரம் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் பெயரை பிளாக்செயினில் பதிய வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஸ்பேமால் பிறந்த பிட்காயினின் பிளாக்செயின், ஸ்பேமைத் தடுக்கவே திரும்பி வந்தது. அதே 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. முந்திரியும் தென்னையும் வேரோடு சாய்ந்து, மின்சாரமும் டவரும் இல்லாமல் நாள் கணக்கில் கிடந்தோம். என் நினைவில் கந்தர்வக்கோட்டைக்கு ஸ்பேம் வராத வாரம் அது ஒன்றுதான்.

2024-ல் "டிஜிட்டல் கைது" வந்தது. போலீஸ், சி.பி.ஐ. என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பிடுங்குவது. அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. அந்த மழைக்காலத்தில் பெரியப்பாவுக்கும் ஒரு அழைப்பு. உங்கள் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, மும்பையிலிருந்து பேசுகிறோம் என்று தமிழில். நான் லீவில் வந்து அடுத்த அறையில் இருந்தேன். ஓடி வருவதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"பார்சலா? சரி. சம்மனை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. கூடவே அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வைங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஸ்டாம்ப் நீங்கதான் ஒட்டணும்."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நான் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டேன். 1930-க்குப் போன் போட்டுப் புகாரும் சொல்லிவைத்தேன். அவர் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பக்கத்துத் தமிழ்டா. சின்னப் பையன். குரல் நடுங்குச்சு."

மியாவாடி பற்றிச் சொன்னேன். தாய்லாந்தை ஒட்டிய மியான்மர் எல்லை ஊர். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம்ம ஊர்ப் பையன்களைக் கடத்திக்கொண்டுபோய், பூட்டி வைத்து, அடித்து, இந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்களைச் சிக்கவைத்ததும் ஒரு விளம்பரம்தான். நல்ல சம்பளம், இலவச விசா. இப்போது பேசியவன் அப்படிப்பட்டவனா, சொந்த விருப்பத்தில் செய்கிறவனா என்று நமக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

பெரியப்பா கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கேட்டார்:

"அந்த ஊருக்குத் தபால் போகுமாடா?"